திறந்து பார்க்காத விமானம்

ரேடியோ கரகரத்தது.

"கோரா... இன்னிக்கு என்ன சமையல்?"

"ஹாலிபட் மீன். நேரத்துக்கு வந்தா உங்களுக்கு... இல்லேன்னா பூனைக்கு!"

"பூனை கொடுத்து வெச்சது! இரு... மெயின் டாங்க் தீரப்போகுது. ரிசர்வுக்கு மாத்திக்கறேன்..."

அவ்வளவுதான்.

வர்ஜிலின் குரல் அறுந்தது!

அலாஸ்காவின் கோடியாக் தீவுக்கு அப்பால், அவனையும் அவன் ஓட்டிய புது விமானத்தையும் கடல் விழுங்கியது.

சிதைவு கிடைத்தது. உடல் கிடைக்கவில்லை. பெட்ரோல் குழாயின் திருகு மூடியிருந்தது. அதைச் சுற்றி 'மெயின்', 'ரிசர்வ்', 'ஆஃப்' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைக் கடல் தின்றிருந்தது.

தீர்ப்பு வந்தது... விமானியே பெட்ரோலை அடைத்திருக்கிறான். தற்கொலை!

"சாப்பாடு கேட்டுக்கிட்டே எவனாவது சாவானா?" கோரா கத்தினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்டாட்டி பேச்சு சாட்சியாகுமா?

அவளும் விமானம் ஓட்டுகிறவள். அதே ரக விமானம் மீன்பிடிக்கிற எவரெட்டிடம் ஒன்று இருந்தது. தரையில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, திருகை 'ரிசர்வ்' பக்கம் திருப்பினாள்.

இஞ்சின் நின்றது!

மறுபடி கிளப்பி, 'ஆஃப்' பக்கம் திருப்பினாள்.

ஜம்மென்று ஓடியது!

அந்த ரக விமானம் பறக்க அனுமதி கொடுத்த இன்ஸ்பெக்டர் ஹாலிஸைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து காட்டினாள்.

"ஸ்டிக்கர் இடம் மாறியிருக்கு! இதுக்கா அனுமதி கொடுத்தீங்க?"

"வெளிநாட்டுத் தயாரிப்பும்மா. உள்ளே எழுத்தெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கணுங்கறது விதி. எல்லாம் சரின்னு தயாரிச்ச நாடே சர்ட்டிபிகேட் கொடுத்திருச்சு. ஒப்பந்தப்படி நாங்க அதை நம்பறோம்..."

"மீன் வாங்கினாக்கூட செவுளைத் தூக்கிப் பார்ப்போம்! இதைத் தூக்கிப் பார்க்க உங்களுக்கு வலிச்சுதா?"

ஹாலிஸ் தலை குனிந்தார். "இறக்குமதி பண்ணின லாய்டைக் கேட்டேன். ஸ்டிக்கர் ஒட்டித்தான் வந்துச்சு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சத்தியம் பண்றான்."

"தெரியுமா தெரியாதான்னு நான் காட்டறேன். நீங்க ரேடியோ பக்கத்துல உட்காருங்க!"

மறுநாள் கோரா கூப்பிட்டதும் லாய்ட் பல்லெல்லாம் தெரிய வந்தான்.

"எவரெட் விமானத்தை நீ வாங்கறியா? புருஷனை முழுங்கின ரகமாச்சே... தில்லுதான் உனக்கு!"

கோரா பல்லைக் கடித்துக்கொண்டாள். "கூட ஒரு சுத்து வந்து காட்டு."

விமானம் நல்ல உயரம் ஏறியது. கீழே கடல். கோரா ரேடியோவைத் திறந்துவிட்டாள்.

"மெயின் குறையுது, லாய்ட். ரிசர்வுக்கு மாத்தறேன்..."

லாய்டின் சிரிப்பு உறைந்தது.

"ஐயோ, வேண்டாம்! அதைத் தொடாதே!"

"ஏன்? ரிசர்வ்னுதானே போட்டிருக்கு?"

திருப்பினாள்.

"அறிவுகெட்டவளே! நான்தான் அவசரத்துல மாத்தி ஒட்டித் தொலைச்சேன்! ஆஃப்தான் ரிசர்வ்!"

பாய்ந்து திருகைப் பிடித்து 'ஆஃப்' பக்கம் திருப்பினான்.

இஞ்சின் செத்தது!

"என்ன... என்னாச்சு?" லாய்டுக்கு நாக்கு குழறியது.

"வர்ஜிலுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அவர் தாழப் பறந்துக்கிட்டிருந்தார். நேரமில்லை." கோரா திருகைப் பழையபடி ரிசர்வில் வைத்தாள். இஞ்சின் இருமி, உறுமி, உயிர்பெற்றது. "காலையில ஹாலிஸ் முன்னாடியே ஸ்டிக்கரைச் சரியா ஒட்டிட்டேன். படிச்சுப் பார்க்கறவன் ஆஃப் பக்கம் போகவே மாட்டான். நீ போனே! தெரிஞ்சும் ஏண்டா வாயைத் திறக்கலை?"

"சொன்னா... வித்ததையெல்லாம் தரையில நிறுத்தியிருப்பாங்க..."

"அதுக்கு என் புருஷனைத் தண்ணியில நிறுத்தினியா!"

ரேடியோ கரகரத்தது. "அத்தனையும் பதிவாயிடுச்சும்மா," என்றார் ஹாலிஸ்.

தரையில் லாய்டுக்குக் கைவிலங்கு காத்திருந்தது. 'தற்கொலை' என்ற சொல் தீர்ப்பிலிருந்து அடிக்கப்பட்டது.

அடுத்த வாரம் துறைமுகத்தில் வெளிநாட்டுப் பெட்டி ஒன்று வந்திறங்கியது. உள்ளே இன்னொரு விமானம்.

"இதையாவது திறந்து பார்ப்பீங்கல்ல?" கோரா கேட்டாள்.

ஹாலிஸ் முத்திரையை எடுத்தார். "சர்ட்டிபிகேட் சரியா இருக்கேம்மா... விதி இன்னும் மாறலை."

"அப்போ பெட்டி எதுக்கு? அந்த சர்ட்டிபிகேட் மேலயே ஏறிப் பறங்க!"