இன்னொருத்தியின் கைகள்

அந்த வருடங்களில் கோவையில் யாருக்கும் முழங்கால் பிடித்துக்கொள்வதில்லை. காலையில் பந்தயச் சாலையில் நடக்க வருபவர்களில் பாதிப் பேர் ஒரே மாதிரி நடந்தார்கள். வலது பாதத்தைச் சற்று வெளியே திருப்பி, குதிகாலைத் தயங்கித் தயங்கி ஊன்றும் நடை. அவர்கள் சொந்தக்காரர்கள் அல்லர். அத்தனை பேர் மூட்டிலும் யாரோ ஒரே மனிதரின் அசைவு இருந்தது, அவ்வளவுதான்.

அசைவுப்பாகு என்று அதற்குப் பெயர். மருத்துவமனையில் ஜெல் என்றே சொல்வார்கள். உயிரணுக்களும் நுண்ணிழைகளும் கலந்த அந்தப் பாகை ஊசி வழியாகச் செலுத்தினால், இறுகிப்போன மூட்டும் முழு வீச்சுக்கு வளையும். ஆனால் எப்படி வளைவது என்பது பாகுக்குத் தானாகத் தெரியாது. நல்ல நிலையில் உள்ள ஒருவரின் மூட்டில் சில மாதங்கள் தங்கி, அவரிடமிருந்து கற்றுக்கொண்டு வரவேண்டும். நாடு முழுவதற்கும் நடை கற்றுக்கொடுத்தவர்கள் ஒரு சிலர்தான். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வலி போனதே போதும் என்றிருந்தது.

கைகளுக்கான ஆய்வு பிறகுதான் தொடங்கியது. டாக்டர் தன்மதி அதை நடத்தினாள். அதில் சேர வந்தபோது யாழிசையின் விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடிந்து இறுகிக் கிடந்தன. முடக்குவாதம். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகைதான் அவள் மொழி. கணவர் துருவனுக்கும் காது கேட்காது. நடுவயதில் அவருக்குப் பார்வையும் போயிற்று. அதற்குப் பிறகு அவள் சைகை செய்யும்போது அவள் கைகளின் மேல் தன் கைகளை வைத்து, தொட்டே புரிந்துகொள்வார். அவள் விரல்கள் நின்றதும் அவருக்கு எல்லாமே நின்றுபோயிற்று.

"அம்மா பேசி ரொம்ப நாளாச்சுங்க டாக்டர்" என்றாள் மகள் மகிழினி. "அப்பா அம்மா கையைப் புடிச்சுட்டே உக்காந்திருக்காருங்க. ஏதாச்சும் அசையுமான்னு."

பாகு வேலை செய்தது. எவ்வளவு வளைகிறது என்று தன்மதி கோணமானியை ஒவ்வொரு விரல் கணுவிலும் வைத்துப் பார்த்தாள். அளவுகளை நம்பமுடியாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தாள். யாழிசை கைகளை விரித்தாள், மடக்கினாள், மகளைப் பார்த்து எதையோ மளமளவென்று சொன்னாள். மகிழினி அழுதுகொண்டே சிரித்தாள். வெளியே காத்திருந்த துருவனை உள்ளே அழைத்து வந்து, அவர் கைகளை எடுத்து அம்மாவின் கைகள் மேல் வைத்தாள்.

யாழிசை பேசினாள். அவர் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த மலர்ச்சி அடங்கியது. அவர் கைகளை எடுத்துக்கொண்டு மகளிடம் சைகையில் ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றார்?" என்றாள் தன்மதி.

மகிழினி தயங்கினாள். "இது யாருன்னு கேக்கறாருங்க."

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதேதான். யாழிசை சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. ஆனால் நாற்பது வருடமாகத் தெரிந்த பேச்சு அது இல்லை. மகிழினி அவருடைய சைகைகளைத் தன்மதிக்குச் சொன்னாள்: "உங்கம்மா எதையும் இழுத்து முடிப்பா. கோபம் வந்தாக் கூட கடைசி விரல் மெதுவாத்தான் இறங்கும். இவ சின்னப் பொண்ணு, அவசரக்காரி. நல்லவளாத்தான் தெரியறா. ஆனா எனக்கு அவளைத் தெரியாதே."

பாகுக்குக் கற்றுக்கொடுத்த பெண்ணின் பெயரை ஆய்வு விதிப்படி யாரிடமும் சொல்லக்கூடாது. அவளுக்கு இருபத்திரண்டு வயது என்பது மட்டும் தன்மதிக்குத் தெரியும்.

"அம்மாவோட அசைவையே கத்துக்குடுக்க முடியாதுங்களா?" என்று மகிழினி கேட்டாள்.

"அதுக்கு அவங்க மூட்டு ஒண்ணாவது நல்லா இருந்திருக்கணும்மா. ஒண்ணுகூட இல்ல."

"நாளாக நாளாக அம்மா மாதிரியே ஆயிடுங்களா?"

ஆமாம் என்று சொல்ல நினைத்தாள் தன்மதி. ஆனால் முழங்கால் ஆய்வுகளில் கண்டது நேர்மாறானது. பாகு மனிதருக்குப் பழகுவதில்லை. மனிதர்தான் பாகுக்குப் பழகுகிறார். கொஞ்ச காலத்தில் மூளையே தன் பழைய நடையை மறந்துவிடும். அவள் அதை மறைக்காமல் சொன்னாள். மகிழினி சைகையில் சொல்லி முடிக்கும்வரை யாழிசை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடக்கையை மேசை மேல் வைத்து, வலக்கையால் சுருக்கமாக எதையோ சொன்னாள்.

"இந்தக் கையில இருக்கறதை எடுத்துடச் சொல்லுதுங்க."

"எடுத்தா அந்த மூட்டெல்லாம் அப்படியே இறுகிடும். திரும்பப் போட முடியாது. வலியும் வரும். நல்லா யோசிக்கச் சொல்லுங்க."

"யோசிச்சுடுச்சுங்க. பேசறதுக்கு ஒரு கை போதுமாம். இன்னொண்ணு தன் கையாவே அப்பாவுக்கு வேணுமாம்."

தன்மதி ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். யாழிசை அதே பதிலோடு வந்தாள். பாகை எடுத்த பிறகு இடக்கை மறுபடி மடிந்து இறுகியது. கட்டைவிரல் நுனி மட்டும் மெல்ல அசைந்தது. அன்று துருவன் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, வண்டி வரும்வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். இது யார் என்று கேட்கவில்லை.

சைகைமொழியில் பல வார்த்தைகளுக்கு இரண்டு கைகளும் வேண்டும். இது தன்மதிக்குப் பிறகுதான் புரிந்தது. மறுபரிசோதனைக்கு அவர்கள் வந்த ஒருநாள், யாழிசை வலக்கையால் ஒரு வார்த்தையின் பாதியைச் செய்து அந்தரத்தில் நிறுத்தினாள். அவள் கையின் மேலிருந்த துருவனின் கை அது என்ன வார்த்தை என்று உணர்ந்தது. அவர் தன் இன்னொரு கையைக் கொண்டுபோய் மீதிப் பாதியைச் சேர்த்தார். அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். சில வார்த்தைகளை அவர் தவறாக முடிப்பார். அவள் உடம்பு குலுங்கச் சிரிப்பாள்.

ஆய்வின் கடைசிப் பரிசோதனைக்கு யாழிசையை மகிழினி மட்டும் அழைத்து வந்தாள். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு அப்பா இறந்துவிட்டார் என்றாள். யாழிசை மெலிந்திருந்தாள். அவள் வலக்கை விரல்கள் முன்பைவிட நன்றாக வளைந்தன. ஆய்வில் சேர்ந்தவர்களிலேயே அவள் அளவுகள்தான் சிறந்தவை.

அளந்து முடிந்ததும் மகிழினி மருந்து வாங்கப் போனாள். யாழிசை தன்மதியை நிமிர்ந்து பார்த்து, வலது உள்ளங்கையைச் சாய்வாக உயர்த்திப் பிடித்தாள். அது ஒரு வார்த்தையின் பாதி. இதற்குள் கொஞ்சம் சைகை கற்றிருந்த தன்மதிக்கு அது சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது. இரண்டு கைகளும் சாய்ந்து விரல் நுனிகள் கூரைபோல் சந்தித்தால் வீடு. அவள் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறாள்.

தன்மதி தன் இடக்கையை உயர்த்தி, எதிரே கொண்டுபோனாள். விரல்கள் தொடும் தூரத்தில் யாழிசை அந்தக் கையைப் பார்த்தாள். துருவனின் கை வரும் இடத்தில் இன்னொருத்தியின் கை. பிறகு தன் கையை இறக்கிக்கொண்டு, வாசலைச் சுட்டிக் காட்டினாள்.