முன்கூடத்துக் கடல்

மீன் தொட்டியில் ஒரு முடி மிதந்தது. முழ நீளம், நல்ல கருப்பு.

ஆதிகேசவன் அதை இரண்டு விரலால் எடுத்துத் தமயந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினான். தலைமுடியைத் தண்ணீரில் உதிர்த்தால் மீன் பிழைக்குமா என்று கேட்டான். அவள் முந்தானையைத் தலையிலிருந்து விலக்கிக் காட்டினாள். டைபாய்டிலிருந்து பிழைத்து எழுந்ததற்காக ஆடிக் கிருத்திகைக்குத்தான் மலைமேல் மொட்டை போட்டிருந்தாள். காதோரம் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் வேறு பெண் கிடையாது. அவன் முடியைச் சுருட்டி வாசலில் எறிந்துவிட்டு, அதற்கும் அவளையே திட்டிக்கொண்டு பின்கட்டுத் தறிக்கொட்டகைக்குப் போனான்.

அந்தத் தொட்டியைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். திருத்தணியில் ஒரு குடம் தண்ணீருக்குக் குழாயடியில் மயிர்பிடிச் சண்டை நடக்கும்போது, இவன் மெட்ராஸிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீரை லாரியில் வரவழைத்துக் கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்தான், லுங்கி வாங்க வரும் வியாபாரிகள் வாயைப் பிளக்க வேண்டுமென்று. அதுவும் கடல் தண்ணீர். அவள் அக்கா சந்திராவை விழுங்கிய கடல். மாசி மகத்துக்குக் கடலாடப் போன இடத்தில் அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று ஈர வேட்டியோடு தனியே திரும்பி வந்தவன் இவன்தான். உடல் கிடைக்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் பெரியவர்கள் கூடித் தமயந்தியை அவனுக்கே கட்டிவைத்தார்கள். அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிட்டுப் பழகிய வாய், தாலி ஏறிய பிறகும் அப்படியே கூப்பிட்டது.

மீன் வாங்க அவளையும் மெட்ராஸுக்கு அழைத்துப் போயிருந்தான். கடைக்காரர் வீராசாமி பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சாதுவான, சட்டென்று சாகாத மீன்கள்தான் சரி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் வால் வைத்த நீலக் குஞ்சு கொஞ்சம் சண்டைக்காரன், அதைக் கடைசியில் விட வேண்டும். முள்ளையெல்லாம் விசிறி மாதிரி விரித்து நின்ற சிவப்பு மீனை ஆதிகேசவன் காட்டியபோது அவர் தலையை ஆட்டினார்.

"அது வேணாம் சார். வாய்க்குள்ள அடங்குறது எதுவா இருந்தாலும் முழுங்கிடும். அழகை மட்டும் பாக்காதீங்க. ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போவுதான்னு பாருங்க."

அவன் சிரித்துக்கொண்டே அதையும் வாங்கினான். மீன்கள் ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமென்று, வலையில் சிக்கி வந்த ஓட்டைப் பாறை ஒன்றையும் வாங்கினான்.

மற்றதையெல்லாம் சிவப்பு மீன் தின்றுவிடும் என்றுதான் அவள் பயந்திருந்தாள். முதலில் காணாமல் போனது அதுதான். முடி மிதந்ததற்கு மறுநாள் காலையில் மணலில் அதன் முட்கள் மட்டும் கிடந்தன, மென்று துப்பியது போல. நீதான் எதையோ போட்டுக் கொன்றாய் என்று ஆதிகேசவன் அவள் கன்னத்தில் அறைந்தான். அறை வாங்கிய கன்னத்தோடு அவள் தொட்டியைப் பார்த்தபோது, பாறையின் ஓட்டையிலிருந்து கருப்பாக ஒரு கொத்து நீட்டிக்கொண்டிருந்தது. பாசி என்றான் அவன். ஆரஞ்சு ஜோடி அதற்குள் புகுந்து, குழந்தை மடியில் கிடப்பது போலச் சுகமாகக் கிடந்தது.

அந்தக் கொத்து வளர்ந்தது. காற்று மோட்டாரின் குமிழிகள் ஏற ஏற மெல்ல ஆடி, கண்ணாடியில் படிந்து, பிரிந்து, மறுபடி படிந்து, கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவள் பக்கமாகவே சாய்ந்தது. உப்பு வாடைக்கு அடியில் இன்னொரு வாசனை எழுந்தது. கரிசலாங்கண்ணியும் மருதாணியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். சந்திரா வெள்ளிக்கிழமை தோறும் தங்கையின் தலையிலும் தேய்த்துவிட்ட எண்ணெய். அன்று மத்தியானம் சாப்பாடு போடும்போது அவனிடம் அந்த வாசனையைப் பற்றிச் சொன்னாள். அவன் கை சோற்றிலேயே நின்றது. பிறகு எழுந்து போய்விட்டான்.

சாயங்காலம் மழை பிடித்தது. மலைமேல் இடி உருண்டது. கரண்ட் போனது. பின்கட்டில் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன, காற்று மோட்டாரும் நின்றது, அத்தனை நாளும் அந்தச் சத்தங்களுக்குள் மறைந்திருந்த ஒன்று அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. தொட்டித் தண்ணீர் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ புரண்டு படுப்பது போல.

ஆதிகேசவன் தறிக் கத்திரியோடு வந்தான். அந்தப் பாசியை அடியோடு வெட்டி எறியப்போவதாகச் சொல்லி இடது கையைத் தோள்வரை உள்ளே விட்டான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"பாவா, அன்னிக்கு அக்கா கையை நீங்க புடிச்சிகினுதான இருந்தீங்க?"

அவன் திரும்பவில்லை.

"ஆங், புடிச்சிகினுதான் இருந்தேன். உதறலன்னா என்னையும் சேத்து இழுத்துகினு போயிருப்பா."

இவ்வளவு நாள் இவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். இவன் பக்கத்தில் படுத்து, சத்தம் வராமல் அக்காவுக்காக அழுதிருக்கிறாள். அவளுக்கு நடு உச்சியில் தீப்பிடித்தது.

அவன் கையிலிருந்த கத்திரி கீழே விழுந்தது.

"தமயந்தி. அதை எடுத்துக் குடு."

அவன் குரல் மாறியிருந்தது. அவள் எடுத்தாள். கிட்டே போனாள். முடி அவன் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. முழங்கையை. தோளை. அவன் இழுத்தான். பாறை அசையவில்லை. அவன்தான் குனிந்தான்.

"வெட்டு."

ஓடு என்றது பயம். கால்கள் கேட்கவில்லை. கத்திரியைப் பிடித்த கை முன்னால் நீளவில்லை. அவள் நீட்டவில்லை.

மின்னல்.

பாறையின் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. உப்பில் ஊறி வெளுத்து, சுருங்கி, நகம் இல்லாத கை. அவசரமே இல்லாமல் மேலே வந்து அவன் பிடரியில் விரல்களைப் பதித்து, தலைக்கு எண்ணெய் வைப்பது போல ஒருமுறை தடவியது. பிறகு அமுக்கியது.

குமிழிகள். நிறையக் குமிழிகள். அப்புறம் ஒன்றிரண்டு.

தண்ணீருக்குள் கண் திறந்திருந்த அவன் முகத்துக்கு எதிரே, கருப்பு முடி இரண்டாகப் பிரிந்து விலகியது. நீலக் குஞ்சு வந்து அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தது. ஆரஞ்சு ஜோடி வெளுத்த விரல்களுக்கிடையே புகுந்து புகுந்து விளையாடிக்கொண்டிருந்தது.