உன்சோலின் தாடை

"மூணாவது தடவையும் உன்சோல் தாடையேதான் அச்சாகி வந்திருக்கு, டாக்டர். நாளைக்கு நீங்க அறுக்கப்போறது..."

"பிளாஸ்டிக் ஊத்துன மெஷின்ல பிளாஸ்டிக் வரும். செத்தவளா வருவா?"

"...அறுக்கப்போறது வேற பொண்ணை. இந்த அச்சை வச்சு அறுத்தா அவ நரம்பும் போயிடும்."

"பிரதி எடுத்துட்டு அளவை மாத்த மறந்திருப்ப."

"பிரதி எடுக்கச் சொன்னதே நீங்கதானே?"

அவர்தான் சொன்னார். கங்னம் பகுதியில் டாக்டர் பியோ கிதே நடத்திய தாடை அழகுச் சிகிச்சை க்ளினிக்கில் யாருக்கும் கணினியில் புதிதாக அறுவைத் திட்டம் போடுவதில்லை. தக் உன்சோல் என்ற பெண்ணுக்குப் போட்ட அழகான திட்டத்தையே எடுத்து, வந்தவர்கள் எலும்பை அதற்கு இழுத்து ஒட்டவைப்பார்கள். எல்லாக் கழுதையும் ஒரே போட்டோவோடுதானே வருகிறது என்பார் பியோ. அந்த உன்சோல், அறுத்தபின் முகவாய் மரத்துப்போனதென்று மாதக்கணக்கில் வந்து அழுதாள். பஞ்சுக்குச்சியால் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் கைகழுவப் போய்விடுவார். "அழகுக்கு எதுக்கும்மா உணர்ச்சி?" போன மாதம் அவளை ஹான் ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.

திட்டம் போடும் நாரிம் கோட்டை மாட்டிக்கொண்டாள். "தாடையோட அச்சாகி வந்த கடித்தகடு, பல்லுல கடிச்சுப் பிடிக்கிற அந்தத் தகடு, அவ வாயைத் தவிர யார் வாயிலயும் உட்காராது, டாக்டர். எனக்குப் பயமா இருக்கு."

"போ, சாமியாடிகிட்ட போய் அரிசி எறிஞ்சு குறி கேளு."

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அச்சு கழுவும் சாராய நெடியும் உருகிய பிசின் வாடையும் கலந்த அந்த அறையில், அலமாரி நிறைய வரிசையாக வாய்பிளந்திருந்த வெள்ளைத் தாடைகளுக்கு நடுவே, எங்கோ பல்லோடு பல் மெல்ல உரசும் சத்தம், மழைச் சத்தத்துக்கு அடியில், விட்டு விட்டுக் கேட்டது. சூட்டில் பிளாஸ்டிக் சுருங்குகிறது என்று பியோ மூக்கால் சிரித்தார். படித்தவளாம், பயமாம்.

கடித்தகட்டை எடுத்தார். மெஷின் எப்போதோ ஆறிவிட்டது. தகடு மட்டும், வாயிலிருந்து இப்போதுதான் துப்பியதுபோல், ஈரச்சூடாக இருந்தது.

ஊர்த் தாடையெல்லாம் அறுத்தவர், தன் கோணல் பல்லில் மட்டும் யாரையும் கைவைக்க விட்டதில்லை. அந்த வாயில் இது எப்படி உட்காரும், பார்ப்போமே. வைத்துக் கடித்தார்.

க்ளிக்.

உட்கார்ந்தது. ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை.

இழுத்தார். வரவில்லை. நகத்தால் நெம்பினார். நகம் பிய்ந்தது. வாய் திறக்கவில்லை. கீழுதடு மரத்தது. பிறகு முகவாய். ஆற்றுச்சேற்றின் வாடை.

உரசல் நின்றது.

எதிரே கண்ணாடிக் கதவு. அதில் அவர் முகம். கோணல் இல்லை. அழகான, மெலிந்த தாடை. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து நனைந்த கையொன்று நீண்டது. விரலிடுக்கில் பஞ்சுக்குச்சி. அது அவர் முகவாயில் அழுந்தியது, சதை குழிய.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"கண்ணை மூடிக்கோங்க, டாக்டர். இங்கதான் தொடுறேன். தெரியுதா?"