பிளக் மாட்டாத நான்கு துளைகள்

டீ குடிக்கப் போகும்போது கைப்பிடி தரையைப் பார்க்க இன்ஜின் போல்ட்டில் மாட்டிவிட்டுப் போன ஸ்பானர், திரும்பி வந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டிரைவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆச்சரியப்படுவதற்குக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஆறு நாளாகக் கிடக்கிறார். எதிரே, லாரி டயர் ஒன்றின் மேல் உட்கார்த்தி வைத்த அவருடைய வாடகைக் காரின் இன்ஜின். நாலு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடி, நீலப்புகை கக்கி, நடுரோட்டில் மூச்சை விட்டது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கார், அதை வாடகைக்கு எடுத்திருக்கும் கம்பெனியின் வாசலில் நிற்காவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். இன்று ஞாயிறு மத்தியானம்.

வேலையை மேற்பார்வையிடுபவர் மச்சான். மனைவியின் அண்ணன். உதிரிபாகக் கடையில் பதினோரு வருடம் பில் போட்டவர். அவருக்குத் தெரியாத விஷயங்கள் இரண்டே இரண்டு: ஒன்று இன்ஜின், மற்றொன்று, தனக்கு அது தெரியாது என்பது. பழைய பிஸ்டனே போதும், ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்று தீர்ப்புச் சொன்னவர் அவர்தான். எண்ணெய் ஓடும் துவாரங்களைச் சுத்தம் செய்யக் காற்றடிக்கும் மிஷினை வாடகைக்கு எடுக்கலாமா என்று டிரைவர் கேட்டபோது மச்சான் சிரித்தார்.

“எதுக்கு மாப்ளே தண்டச்செலவு? நெஞ்சுக்குள்ள ஓசியில ஒண்ணு இருக்குல்ல? ஊதுங்க.”

டிரைவர் ஊதினார். ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, கண் இருட்டும்வரை, துவாரம் துவாரமாக ஊதினார். நாலாம் நாள் வீட்டுப் படி மூன்றையும் ஏறுவதற்குள் இரைத்தது. ஊதிய காற்றில் ஒரு பங்கு திரும்பி வரவில்லை என்பதுபோல இருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் அது கொட்டிய இரைச்சலுக்கும், ஈரமண் வாசனையோடு கலந்து வந்த மண்ணெண்ணெய் நெடிக்கும், ஒற்றை பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் இன்ஜினின் நிழல் சுவரில் குந்தியிருந்த விதத்துக்கும் நடுவே, அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ். அப்புறம் ஹ்ஹா.

ஸ்பானர் நகர்ந்தது. மெதுவாக, ஒரு சுற்று. பிஸ்டன்களோடு பிணைந்த கிராங்க் தண்டும் கூடவே சுற்றியது.

பெட்ரோல் இல்லை. பேட்டரி இல்லை. மேலே பிளக் மாட்டாத நான்கு துளைகள். முதல் துளையின் மேல் உள்ளங்கையை வைத்தார். தோலை மெதுவாக உள்ளே இழுத்தது. பிறகு விட்டது. வெதுவெதுப்பாக, ஈரமாக. குனிந்து முகர்ந்தார்.

டீ வாசனை. சற்றுமுன் அவர் குடித்த டீ.

தண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் மூச்சை இழுத்தார். துளையும் இழுத்தது. விட்டார். விட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினார்.

தண்டு நின்றது.

இருபது எண்ணினார். முப்பது. தாங்க முடியாமல் வாயைத் திறந்ததும் அதுவும் அவசரமாகச் சுற்றியது.

கொட்டகைக் கதவு திறந்தது. மதியச் சாப்பாட்டின் ஏப்பத்தோடு மச்சான் வந்தார்.

“என்ன மாப்ளே, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? கடைசி போல்ட்டுதான பாக்கி?”

“மச்சான்... அது தானா சுத்துது. நான் மூச்சு விட்டா...”

“சுத்தத்தான செய்யும்! என் கைராசி அப்படி. ஆனா போல்ட்ட இறுக்கறப்ப தண்டு ஒரு நூல்கூட அசையக் கூடாது. இதெல்லாம் நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கமாட்டாங்க. நான் சொல்றேன்.”

பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

“வேணாம் மச்சான், அத—”

இன்ஜினின் பின்பக்கம், தண்டோடு சேர்ந்து சுற்றும் சக்கரத்தின் பற்களுக்கு நடுவே அதைச் சொருகினார்.

டக்.

டிரைவரின் சொல் பாதியில் அறுந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. எதுவும் உள்ளே போகவில்லை. எதுவும் வெளியே வரவில்லை. நெஞ்சு மரக்கட்டை.

கையை ஆட்டினார். மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பானருக்கு நீளமான குழாய் தேடிக்கொண்டிருந்தார்.

“பதறக் கூடாது மாப்ளே. நிறுத்தி நிறுத்தி இறுக்கணும். பத்து நிமிஷம் ஆனாலும் ஆகட்டும்.”

கீழே விழுந்தார். ஊர்ந்தார். காதுக்குள் மழையா, ரத்தமா. விரல் ஸ்க்ரூடிரைவர் பிடியைத் தொட்டது.

“ஏய், ஏய்! தொடாதீங்க. பல்லு உடஞ்சுரும்.”

மச்சான் தன் செருப்புக் காலை அந்தப் பிடியின் மேல், டிரைவரின் விரல்களின் மேல், அழுத்தி வைத்தார். காலடியில் கிடந்தவர் கிட்டத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ளவே குனிந்திருப்பதாக எண்ணி மச்சான் முகம் மலர்ந்தார். இதுவரை யாரும் இவ்வளவு அமைதியாக அவர் பேச்சைக் கேட்டதில்லை.

“அப்படித்தான். நல்லாக் கவனிங்க. முதல்ல, இன்ஜின்னா என்ன?”

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அவர் செருப்புக்கு அடியில் கிரீஸ் படிந்த ஐந்து விரல்கள், நகக்கண்களில் நீலம் ஏற, ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டிருந்தன.