இடப்பக்கக் குழாய்கள்

"யாரோ என்னை ஏமாத்திட்டாங்க. அது யாருன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த வாரம் பேங்க்காரங்க பூட்டு போட்டுருவாங்க."

துப்பறிவாளர் காட்டிய நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றாள் கட்டடக்காரம்மா. அப்பா விட்டுப்போன வீட்டை இடித்து, கடன் வாங்கி, ஆறு மாடி எழுப்பியிருந்தாள். மருந்தும் கிருமியும் ஆராய்கிற கம்பெனிகளுக்கு ஆய்வுக்கூடமாக வாடகைக்கு விட. இன்றுவரை ஒரு மாடியிலும் விளக்கு எரியவில்லை.

"சந்தேகம் யார் மேலம்மா?"

"வாடகைக்கு ஆள் வருமான்னு கணக்கெடுத்துக் கொடுத்த மதிப்பீட்டாளர் மேலதான். இந்த வட்டாரத்துல ஆறு கம்பெனி ஆய்வுக்கூடம் தேடுது, இனி பெருகத்தான் செய்யும்னு அடிச்சுச் சொன்னாரே!"

கூட வந்த அவள் தம்பி, கொடுத்த டீயை இடது கையில் பிடித்து ஆறவிட்டான். சொந்தமாக ஆராய்ச்சிக் கம்பெனி நடத்தி, மூடிவிட்டு, இப்போது மருந்துக்கடை வேலைக்குப் போகிறான் என்று அவளே சொன்னாள்.

"அந்த ஆள் காசு வாங்கியிருப்பான் அத்தான்!" என்று துள்ளினார் மச்சான். துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. எந்த வழக்கிலும் முதல் பேச்சிலேயே கைது செய்துவிடுவார்.

"விலங்கு கொஞ்ச நேரம் பையிலயே கிடக்கட்டும் மச்சான். முதல்ல கட்டடத்தைப் பார்ப்போம்."

மதிப்பீட்டாளரையும் அங்கே வரவழைத்தார்கள். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். மாடி மாடியாக ஏறினார்கள். எங்கும் ஒரே மேசை, ஒரே தூசி. தண்ணீர்க் குழாய், வாயுத் திருகு எல்லாமே மேசைக்கு இடப்பக்கம்.

"இதென்ன, எல்லாம் இடப்பக்கம்?"

"கேட்ட ஆறு பேருமே அப்படித்தான் கேட்டாங்க சார். இந்தத் தொழில் வழக்கம்போலன்னு கட்டச் சொல்லிட்டேன்" என்றார் மதிப்பீட்டாளர்.

"கேட்டவங்களை நீங்க பார்த்தீங்களா?"

"தரகர்கள் பேரைச் சொல்ல மாட்டாங்களே! சொன்னா இன்னொரு தரகர் கொத்திக்கிட்டுப் போயிருவார். ஆறு தரகர், ஆளுக்கு ஒரு கம்பெனி. கூட்டினேன். பொய் சொல்லல சார்."

"நம்பறேன்" என்றார் துப்பறிவாளர். "ஆறு கம்பெனியிலும் இடக்கைக்காரரே முதலாளியா இருக்காங்கங்கறதைத்தான் நம்ப முடியல." பிறகு, மிக மெதுவாக, "தம்பி, இங்க வந்து இந்தக் குழாயைக் கொஞ்சம் திறங்க" என்றார்.

தம்பி மேசை முன் நின்றான். பார்க்காமலே இடது கை குழாய்க்குப் போனது. தண்ணீர் வரவில்லை. வெறும் காற்று ஒருமுறை இரைந்து அடங்கியது.



"நீயாடா?" என்றாள் அக்கா.

"நீ கட்டடப் பேச்சே எடுக்காத காலம்க்கா அது. ஒரே ஒரு இடம்தான் தேடினேன். யார் மூலமாவது கிடைக்கட்டும்னு ஆறு பேர்கிட்டயும் சொல்லி வெச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என் படிப்புக்கு உன் நகையெல்லாம் போச்சு. மறுபடி உன் முன்னாடி வந்து நிக்க மனசு வரல."

"சரி, நான் கட்டினப்பவாவது வந்திருக்கலாமே! ஒரு மாடியை உனக்குத் தராம யாருக்குத் தரப்போறேன்?"

அவன் குழாயை மூடினான். மூடத் தேவையில்லாத குழாய்.

"நீ கட்ட ஆரம்பிச்சதும் விசாரிச்சேன்க்கா. ஆறு கம்பெனி போட்டி போடுதுன்னு மதிப்பீட்டுல இருக்கறதா தரகர் சொன்னார். நல்ல வாடகைக்கு ஆள் இருக்கறப்ப நான் குறுக்க வந்து உன்னைக் கெடுக்க வேண்டாம்னு ஒதுங்கிட்டேன். வேற இடமும் அமையல, கம்பெனியை மூடிட்டேன்."

மதிப்பீட்டாளர் முகத்தை மூடிக்கொண்டார். அக்காவுக்கு அழுகைகூட வரவில்லை. குற்றவாளியைக் காட்டச் சொல்லி வந்தவள், துப்பறிவாளரைப் பார்த்தாள்.

"யாருமில்லம்மா" என்றார் அவர்.

"யாராவது இருந்திருக்கலாம்" என்றாள்.