சூசையம்மா வீட்டின் மூன்றாவது ஆள்

ஓர் ஆள் கூடுதலாக இருந்தது.

சுனாமியில் கடல் கொண்டுபோனதில் மிஞ்சி, இப்போது வன்னி முழுக்கச் சிதறிக் கிடக்கும் கரையோரக் குடும்பங்களின் விபரங்களை நிதர்சனா ஒரே கோப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குள் வீடு, வீட்டுக்குள் ஆட்கள் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு அது. அடுக்குவதற்கு ஒரு பைதன் நிரல், அடுக்கியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்ப்பதற்கு இன்னொன்று. கோப்பில் எழுதிய ஆட்களைவிடத் திரும்ப வாசித்தபோது வந்த ஆட்களில் ஒருவர் அதிகம். மார்கழி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னேரமே இருட்டிவிட்டிருந்தது. வெளியே ஜெனரேற்றர் இருமி இருமி ஓட, மண்ணெண்ணெய் மணத்துக்கு அடியில் வேறொரு மணமும் கசிந்து கசிந்து அறைக்குள் வந்தது. கடற்சேற்றின் மணம். கிளிநொச்சியில் ஏது கடல் என்று அவள் தன்னைத் தானே கடிந்துகொண்டாள்.

கூடுதலான ஆளைத் தேடிப் பிடித்தாள். முள்ளியவளையில், அறியாத யாரோ ஒருவரின் வீட்டுக்குள் இருந்தது அந்தப் பெயர். மெற்றில்டா. வயது ஆறு.

அந்தப் பெயரை அவள் எழுதவில்லை. ஆனால் ஒருமுறை அழித்திருக்கிறாள்.

கடல் வருவதற்கு முன்னும் இப்படியொரு கோப்பைக் கட்டியவள் அவள்தான். முல்லைத்தீவுக் கரையில் மெற்றில்டா தாய் வீட்டில் சாப்பிடுவாள், பிள்ளையில்லாத பெரியம்மா சூசையம்மாவின் வீட்டில் படுப்பாள். அங்கே அது வழமைதான். இரண்டு வீட்டாரும் தங்கள் பிள்ளை என்றே பதிந்தார்கள். ஒருவர் ஒரு வீட்டுக்குள்தான் இருக்கலாம் என்று நிரல் மறித்தது. நேரில் போய்க் கேட்டிருக்கலாம். பஸ்ஸில் அலைய அவளுக்கு அலுப்பும் பஞ்சியுமாக இருந்தது. பிள்ளை தாயோடுதானே இருக்கும் என்று, பெரியம்மா வீட்டிலிருந்து அழித்துவிட்டாள்.

தேடப் போனவர்கள் அந்த விபரத்தைத்தான் அச்சடித்துக் கொண்டுபோனார்கள். தாய் வீடு ஆட்களோடு கடலுக்குள் போய்விட்டது. அந்தத் தாளின்படி சூசையம்மாவின் வீட்டில் அவரும் கணவரும் என்று இரண்டே பேர். இரண்டு உடல்களும் கிடைத்தன. தோண்டியவர்களுக்குப் பொறுப்பாக நின்ற மத்தேயு பிறகொரு நாள் இதே அறையில் தேத்தண்ணியோடு இருந்து, யார் பிழை என்று தெரியாமலே அவளிடம் சொன்னார்.

"இந்த வீட்டுக் கணக்குச் சரி, அடுத்த வீட்டுக்குப் போங்கோ எண்டு நான்தான், பிள்ளை, சொன்னனான். பிறகு சுவரைக் கிளப்பேக்க அடியில சின்னப்பிள்ளை ஒண்டு கிடந்தது. நகமெல்லாம் தேஞ்சு போச்சு. உயிரோட கிடந்து சுரண்டியிருக்கு."

தன்னையே நொந்து அவர் அழுதார். என்னுடைய பிழை அண்ணை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அந்த வெட்கம் அன்றிலிருந்து அவளுக்குள் கிடந்து அரித்தது.

இப்போதும் அழித்தாள். நிரலை மீண்டும் ஓடவிட்டாள்.

ஓர் ஆள் கூடுதல். இந்த முறை தர்மபுரத்தில்.

அழித்தாள். எங்கேயோ சுரண்டும் சத்தம் கேட்டது. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முள்ளியவளை. தர்மபுரம். முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ் வரும் வழி.

மீண்டும் ஓடவிட்டாள். கிளிநொச்சி. இந்தத் தெரு. இந்தக் கட்டட இலக்கம். உள்ளே ஒரே ஓர் ஆள், மெற்றில்டா.

சுரண்டல் மேசைக்கடியில் கேட்டது. சீமெந்து நிலத்துக்குள் இருந்து. பொறுமையாக. குனிந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"உன்ர பெரியம்மாட்டையே விடுறன், குஞ்சு," என்றாள்.

விசைகளைத் தட்டினாள். முல்லைத்தீவு. அதற்குள் சூசையம்மாவின் வீடு. அதற்குள் மூன்றாவது ஆளாக மெற்றில்டா. சுரண்டல் நின்றது. அப்பாடா என்றிருந்தது. நாளைக்கு மத்தேயு அண்ணையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொல்லத்தான் வேண்டுமா? கோப்புத்தான் சரியாகிவிட்டதே. அவருக்கும் ஆறிப்போயிருக்கும். பேசாமல் விடலாம்.

நிரலை ஓடவிட்டாள். எழுதியதும் வாசித்ததும் ஒத்துப்போயின. ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு மூடுவோம் என்று சூசையம்மாவின் வீட்டைத் திறந்தாள்.

சூசையம்மா. அவரது கணவர். மூன்றாவது ஆள், நிதர்சனா.

மெற்றில்டாவின் பெயர் எங்கேயும் இல்லை.

ஜெனரேற்றர் நின்றது. மழையும் நின்றது. எழும்பினாள், தலை இடித்தது. கையை நீட்டினாள். ஈரச் சுவர். மறுபக்கமும் சுவர். வாய்க்குள் உப்பு மண். கதிரை இல்லை. மேசை இல்லை. கால் நீட்ட இடமில்லை.

மேலே, தூரத்தில், மண்வெட்டிச் சத்தம். அண்ணை என்று கத்தினாள். மண் சரிந்து வாயை நிறைத்தது. மண்வெட்டி நின்றது. மத்தேயுவின் களைத்த குரல் தெளிவாகக் கேட்டது.

"மூண்டு உடலும் கிடைச்சிட்டுது. இந்த வீட்டுக் கணக்குச் சரி. அடுத்த வீட்டுக்குப் போங்கோ."

காலடிகள் விலகிப் போயின. அவள் சுரண்டத் தொடங்கினாள்.