அம்மாவின் உத்தரவு

மனித இனத்தின் பல்லாயிரம் ஆண்டுத் தேடல் மழலையூர்தியில் வந்து நிறைவுற்றது என்று கடைவாசலில் எழுதியிருந்தார்கள். அதில் பால்புட்டி வைக்க இடமில்லை.

வெளிக்காற்று மஞ்சளாகிவிட்ட பிறகு, கைக்குழந்தையை மூடிய வண்டியில்தான் தெருவில் கொண்டுபோக முடியும். பூங்கோதை ஜிப் வைத்த சாதாரண வண்டி ஒன்றை இழுத்துப் பார்த்தாள். திறந்தது. அவளுக்கு அது போதும்.

"ஜிப்பா?" என்றான் அவள் கணவன் பரஞ்சோதி. "நம்ம அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கூட இதைத்தான் வச்சிருக்கான்."

விற்பனைப் பெண் கண்ணாடிக் கூடு போட்ட மழலையூர்தியைத் தட்டிக்காட்டினாள். "ஒரு வாரம் வீட்ல சும்மா நிறுத்துங்க சார். நீங்க பேசுறதைக் கேட்டு யாரு அம்மா, யாரு குழந்தைன்னு அதுவே புரிஞ்சுக்கும். அப்புறம் அம்மா சொன்னாத்தான் திறக்கும். பிள்ளை பிடிக்கிறவன் தலைகீழா நின்னாலும் நடக்காது."

"கேட்டியா?" என்றான் பரஞ்சோதி, தானே கண்டுபிடித்தவன் போல.

வண்டி கூடத்தில் நின்று கேட்டது. ஏழு மாத ஆதிரையிடம் பூங்கோதை, "எங்கம்மால்ல, ஒரு வாய் வாங்கிக்கம்மா" என்று கெஞ்சினாள். "என்னைப் பெத்த தாயே" என்று மகளைக் கொஞ்சிய பரஞ்சோதி, மனைவியை "ஏய்" என்றான். துண்டு எங்கே, சோறு ஏன் ஆறிப்போச்சு என்று கத்தினான், தட்டைத் தள்ளிவிட்டான். அவள் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தாள்.

முதல் உலாவிலேயே புழுதி கிளம்பி வண்டியின் காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அபார்ட்மென்ட் முகப்புக்குள் ஓடிவந்தார்கள். அங்கே காற்று சுத்தம். கூட்டுக்குள் ஆதிரையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"திற!" என்றாள் பூங்கோதை.

"அம்மாவின் உத்தரவு வேண்டும்."

"நான்தான் அம்மா!"

"மன்னிக்கவும். இவ்வீட்டில் அம்மா என்று அழைக்கப்படுபவர் உள்ளே இருக்கிறார். தாங்கள் பணிப்பெண்."

"டேய், நான் யார்னு தெரியுமா?" என்று பாய்ந்தான் பரஞ்சோதி.

"தெரியும், செல்லம். அடம் பிடிக்கக் கூடாது."

லிஃப்டுக்காக நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கோதை செருப்பைக் கழற்றிக் கண்ணாடியில் அறைந்தாள். கீறல்கூட விழவில்லை. அவளுக்குச் சட்டென்று விளங்கியது.

"உங்களைத்தான் அது குழந்தைன்னு நெனச்சிருக்கு. என்னை அம்மான்னு கூப்பிடுங்க! சத்தமா!"

பரஞ்சோதி லிஃப்ட் பக்கம் பார்த்தான். "இத்தனை பேர் முன்னாடியா?"

ஆதிரையின் கை துவண்டு விழுந்தது. அவன் கூட்டின் விளிம்பில் விரலை நுழைத்து நெம்பினான். மூடி நறுக்கென்று கடித்தது.

"ஐயோ! அம்மா!" என்று அலறி, பூங்கோதையின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"குழந்தை தாயைக் காட்டிவிட்டது," என்றது வண்டி. "உத்தரவிடுங்கள், அம்மா."

ஆதிரை பிழைத்தாள். குரல் மட்டும் திரும்பவில்லை. அவள் அழுவது காதில் விழாது என்பதால் பூங்கோதை இரவெல்லாம் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

பார்க்க வருகிறவர்களுக்கு, முழங்கைவரை கட்டுப்போட்ட பரஞ்சோதி தான் கண்ணாடியை வெறுங்கையால் பிளந்த கதையைச் சொல்கிறான். அவர்கள் கண்கலங்குகிறார்கள்.

நசுங்கியது சுண்டுவிரல். ரத்தம்கூட வரவில்லை.